எட்டு வருடம் அடிக்காத மணி

அந்த மருத்துவமனைக்கு ஒரு சிறுநீரகம் வந்து சேர்ந்தால், அது யாருக்கு என்று சொல்லும் வேலை மனிதர்களிடம் இல்லை. மனிதர்கள் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டிவிடுவார்கள் என்று அந்த வேலையை அவர்களிடமிருந்து பிடுங்கி ஒரு கணினி நிரலிடம் கொடுத்திருந்தார்கள். நிரலுக்கு அழைப்பான் என்று பெயர். காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரின் கைப்பேசிக்கு அது ஒரு செய்தி அனுப்பும். அவர் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தினால் அறுவை அரங்கின் கதவு திறக்கும். அதைத் தவிர அந்தக் கதவைத் திறக்க வேறு வழி வைக்கவில்லை.

அழைப்பானைப் பராமரிக்கிற வேலை கமாவுடையது. பகலில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டே மாலை வகுப்பில் நிரல் எழுதப் படித்தவள். ஒப்பந்த வேலைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டு நோயாளிகளின் சாப்பாட்டுப் பட்டியலை அரை நாள் முடக்கினாள். அன்றிலிருந்து கமா என்றே பெயர் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் எதையும் மூன்று முறை சரிபார்ப்பாள். மூன்றாவது முறை ஒழுங்காகத்தான் பார்த்தோமா என்று நான்காவது முறையும் பார்ப்பாள்.

பட்டியலில் அறுபத்திரண்டு பேர். முதல் இடத்தில் இருந்தது கமாவின் அக்கா. பஸ் கண்டக்டர். இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தாள். கையில் ஊசி போட இனி இடமில்லை, அடுத்த வருடம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. செய்திகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனம் எழுதியிருந்தது. ஒன்பது வருடமாகப் பயன்படுத்தும் பழைய ரகசியச் சாவி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு செல்லாது. புதுச் சாவி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டுவிட்டது.

சாவி என்றால் இரும்பு இல்லை. நாற்பது எழுத்துகள். செய்தி அனுப்பும் வேலையைச் செய்வது யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல், புரோகிராமர்கள் லைப்ரரி என்பார்கள். அது கண் விழிக்கும்போது இரண்டு வரிகளைப் படிக்கும். ஒன்றில் பயனர் பெயர், இன்னொன்றில் ரகசியச் சாவி. சர்வர் கம்ப்யூட்டரில் அந்த இரண்டு வரிகளையும் மாற்றி எழுதிவிட்டு அழைப்பானை அணைத்துப் போட்டால் போதும். ஐந்து நிமிட வேலை.

"ரெண்டு வரி மாத்தறதுக்கா சாயங்காலமெல்லாம் படிச்சே?" என்றாள் அக்கா.

"எந்த ரெண்டு வரின்னு தெரியணுமேக்கா."

"சரிடி, மாத்தித் தொலை. என் நேரம், அது உன் கையில வந்து மாட்டியிருக்கு."

புதுச் சாவி நான்காம் மாடியில் சாவிப் பிரிவில் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு தொடங்கிய பிரிவு. கதவில் நான்கு பூட்டுகள். பக்கத்தில் ஒரு ஜன்னல், கால்விரலை ஊன்றி எட்டிப் பார்க்கிற உயரத்தில். செவ்வாய்க்கிழமை காலை கமா எட்டிப் பார்த்தபோது உள்ளே ஓர் எழுத்தர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர்லதான் போடணும்மா. காகிதம் வாங்கறதில்லை. காகிதம் பாதுகாப்பில்லை."

"போட்டுப் பாத்தேன் சார். உள்ள நுழையவே சாவி கேக்குது."

"கேக்கத்தானே செய்யும்? சாவி இல்லாதவங்களையெல்லாம் உள்ள விட்டா, கண்டவங்களும் வந்து சாவி கேப்பாங்க."

"சாவி இருந்தா நான் ஏன் சார் கேக்க வர்றேன்?"

"இதையேதான் எல்லாரும் சொல்றாங்க," என்றார் எழுத்தர் சலிப்போடு. அடுத்த விரலுக்குப் போனார். அந்த விரலை முடிப்பதற்குள் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "ஒண்ணு பண்ணுங்க. சாவியைத் தொலைச்சவங்களுக்குத் தனிப் படிவம் இருக்கு. அது மட்டும் காகிதம். தொலைச்சிட்டேன்னு எழுதிக் கொடுங்க."

"எங்கிட்ட சாவி இருந்ததே இல்லையே சார்."

"சரி, இப்ப அது உங்ககிட்ட இருக்கா?"

"இல்லை."

"எங்க இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்புறம் என்னம்மா? கையில இல்லை, இருக்கற எடமும் தெரியலை. தொலைச்சவங்க வேற என்ன சொல்வாங்க?"

கமா யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்வதில் எங்கே தப்பு என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. உடனே பிடிபடாவிட்டால் தப்பு தன்னிடம்தான் இருக்கும் என்று நினைப்பது அவள் வழக்கம். படிவத்தை வாங்கி நிரப்பினாள். சாவியை எந்தத் தேதியில் தொலைத்தீர்கள்? அப்போது உடனிருந்தவர்கள் யார்? தொலைத்ததற்காக வருந்துகிறீர்களா: மிகவும், ஓரளவு. 'மிகவும்' என்பதில் குறியிட்டாள்.

சாவியைத் தொலைத்தவர்கள் புதுச் சாவி பெறுவதற்கு முன் ஒரு நாள் பயிற்சிக்குப் போயாக வேண்டும். புதன்கிழமை வகுப்பில் ஏழு பேர் இருந்தார்கள். லிஃப்ட் இயக்குபவர், சலவைப் பிரிவுப் பெண்கள் நாலு பேர், கமா, ஒரு பல் டாக்டர். பல் டாக்டர் மூன்று வருடமாக இதே வகுப்புக்கு வருகிறாராம். எக்ஸ்ரே படங்களைத் திறக்கும் சாவிக்காக. அதுவரைக்கும் உத்தேசமாகத்தான் பிடுங்குகிறேன் என்றார்.

பயிற்சியாளர் குச்சியால் திரையைத் தட்டினார். "சாவியை எழுதி வைக்கலாமா?"

"கூடாது," என்றது வகுப்பு.

"மனப்பாடம் பண்ணலாமா?"

"கூடாது."

"அடுத்தவங்ககிட்ட சொல்லலாமா?"

"கூடாது."

"பார்க்கலாமா?"

வகுப்பு தயங்கியது. "கூடாது," என்றார் பல் டாக்டர், அனுபவசாலியின் குரலில்.

கமா கையைத் தூக்கினாள். "அப்ப சர்வர்ல எப்படி சார் போடறது?"

"பயன்படுத்தறது அடுத்த பாடம். அதுக்கு இன்னும் ஆசிரியர் போடலை."

மதியம் தேர்வு. பத்துக் கேள்விகள். கடைசிக் கேள்வி: உங்களை நீங்கள் நம்புகிறீர்களா? ஆறு பேர் ஆம் என்று எழுதித் தோற்றார்கள். பல் டாக்டர் மூன்றாவது முறையாகத் தோற்றார். தன்னை நம்பாதவன் எப்படி அடுத்தவன் வாயில் கையை வைப்பது என்பது அவர் கட்சி. கமா 'இல்லை' என்று எழுதி, காரணங்களைத் தனித்தாளில் எண் போட்டு இணைத்திருந்தாள். காற்புள்ளி விஷயம் ஒன்றாம் எண். மொத்தம் இருபத்தாறு.

பயிற்சியாளரின் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு பிள்ளையை நான் பாத்ததே இல்லை. நூத்துக்கு நூறு."

நூறு வாங்கியவருக்கு மறுநாளே உறை. வியாழக்கிழமை நான்கு அதிகாரிகள் கையெழுத்திட்டு மூன்று முத்திரை வைத்த உறையைக் கமா வாங்கிக்கொண்டு, நெஞ்சோடு அணைத்தபடி இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். சர்வர் அறையைப் பூட்டிக்கொண்டு பிரித்தாள். உள்ளே ஒரு தாள். தாளில் ஒரே வரி. வரியில் நாற்பது நட்சத்திரக் குறிகள்.

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். நாற்பதுதான். தாளைத் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒருவேளை சாவியே இதுதானோ, நமக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்து, நாற்பது நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி அழைப்பானை ஓட்டிப் பார்த்தாள். மறுக்கப்பட்டது என்றது திரை.

சாவிக் காப்பாளர்தான் பிரிவுக்குத் தலைவர். கழுத்தில் ஆறு அடையாள அட்டைகள் தொங்கின. ஆறிலும் அவருடைய படம், ஆறிலும் வேறு வேறு வயது. அவர் தாளை வாங்கி, விரல் வைத்து எண்ணினார்.

"நாப்பது. சரியாத்தானேம்மா இருக்கு?"

"எண்ணிக்கை சரி சார். ஆனா எந்த எழுத்துன்னே தெரியலையே."

"சாவியைக் காகிதத்துல அச்சடிக்கக் கூடாதுங்கறது விதி. அதனால ஒரு எழுத்துக்கு ஒரு நட்சத்திரம். ஒண்ணு குறைஞ்சிருந்தா சொல்லுங்க, அச்சடிச்சவனைத் தொலைச்சிடறேன்."

"குறையலை சார். ஆனா எழுத்து தெரிஞ்சாத்தானே போட முடியும்?"

"எழுத்து உங்களுக்குத் தெரிஞ்சிட்டா, அப்புறம் அதுல என்ன ரகசியம் இருக்கு?"

கமா அழைப்பானைப் பற்றிச் சொன்னாள். பட்டியலைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், சொல்லக் கூடாது என்று நினைத்திருந்த அக்காவைப் பற்றியும் சொல்லிவிட்டாள். காப்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கல்நெஞ்சர் இல்லை. மேசையைச் சுற்றி வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க அக்கா மாதிரி இருக்கறவங்களுக்காகத்தான்மா இத்தனை பாடும். யோசிச்சுப் பாருங்க. சாவி ஒரு திருடன் கையில கிடைக்குது. அவன் உங்க அக்காவுக்குப் பொய்யா ஒரு செய்தி அனுப்பறான். அவங்க நம்பிப் பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க. ஆம்னு அழுத்தறாங்க. கதவு திறக்கலை. எவ்வளவு பெரிய கொடுமை! அதை நான் இருக்கற வரைக்கும் நடக்க விடுவேனா?"

"இப்ப நான் என்ன சார் பண்றது?"

"மறுபரிசீலனைக்கு மனு எழுதுங்க. திங்கட்கிழமை பாப்போம். நாளைக்கு எங்களுக்கு விழா."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பெரிய கூடத்தில் விழா. எட்டு வருடமாக ஒரு சாவியும் கசியவில்லை என்பதைக் கொண்டாடினார்கள். ஒப்பந்த ஊழியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை. கமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கைதட்டினாள்.

"எட்டு வருஷத்துல நம்மகிட்ட வந்த சாவி முன்னூத்திப் பன்னெண்டு," என்றார் காப்பாளர் ஒலிவாங்கியில். "அதுல எத்தனை திருட்டுப் போச்சு? ஒண்ணுகூட இல்லை. எத்தனை வெளிய போச்சு? அதுவும் ஒண்ணுகூட இல்லை! மத்த ஆஸ்பத்திரியில சாவியைத் தூக்கிக் கொடுத்திடறாங்க. அப்புறம் கசிஞ்சு போச்சேன்னு அழறாங்க. நாம கொடுக்கறதில்லை, அழறதும் இல்லை. நம்ம சாவி ஒவ்வொண்ணும் பொறந்த மேனிக்கு அப்படியே இருக்கு. நம்ம அறையில ஒரு மணி தொங்குது. நம்ம சாவியை யாராவது ஒருத்தர் பயன்படுத்தினா அது அடிக்கும். அடிச்ச ஒரு நிமிஷத்துல அந்தச் சாவியை ரத்து பண்ணணும். யோசிக்கக் கூடாது, விதி அது. எட்டு வருஷமா வாராவாரம் அந்த மணியை நானே துடைக்கிறேன். ஒரு தடவைகூட அடிச்சதில்லை!"

கூடம் எழுந்து நின்று தட்டியது. ஐந்து மணிக்கு விழா முடிந்தது. ஐந்து மணிக்குப் பழைய சாவியும் செத்தது.

ஐந்து இருபதுக்கு ஆம்புலன்ஸில் ஒரு பெட்டி வந்து இறங்கியது.

பட்டியலைக் கவனிக்கும் சிஸ்டரின் திரையில் அக்காவின் பெயர் பச்சையாக எரிந்தது. இரத்த வகை பொருத்தம். திசு பொருத்தம். அதற்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: செய்தி அனுப்ப முடியவில்லை. கமா தன் கைப்பேசியிலிருந்து அக்காவை அழைத்தாள். அக்கா கண்டக்டர் சீருடையோடு, இரண்டு வருடமாகக் கட்டிவைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு, அரை மணியில் வந்து நின்றாள்.

"வந்துட்டேன் சிஸ்டர். படுக்கையைக் காட்டுங்க."

"திரையில ஆம்னு வரணும் அக்கா. நேர்ல வந்தா கணக்கில்லை."

"வாயால சொல்றேனே. ஆம். ஆம். ஆம். மூணு தரம் சொல்லியாச்சு, கதவைத் திறங்க."

"நீங்கதான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷமா உங்களுக்கு ஊசி குத்தறவளே நான்தான். எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? முன்ன ஒருத்தர் டெலிபோன்ல சொல்லி வரிசையை மாத்திட்டாருன்னு, மனுஷங்க சொல்றது எதுவும் செல்லாதுன்னு வெச்சுட்டாங்க." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினாள். "எட்டு மணி வரைக்கும்தான் பெட்டி இங்க இருக்கும். அப்புறம் வேற ஊருக்குப் போயிடும்."

கமா அறுவை டாக்டரிடம் ஓடினாள். கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்த டாக்டர் அப்படியே நான்காம் மாடிக்கு ஏறி, எட்டு வருடத்தில் அந்த மாடி கேட்டிராத வார்த்தைகளால் கத்தினார். அந்த மருத்துவமனையில் டாக்டருக்கு மேல் ஆள் இல்லை. காப்பாளர் பரிசுக் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டகத்தைத் திறந்தார்.

திறப்பது சும்மாவா? நான்கு பூட்டுக்கு நான்கு அதிகாரிகள். ஒருவர் திறக்கும்போது மற்ற மூவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். நான்காவது அதிகாரி வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, தான் தான்தான் என்று நிரூபித்துக் கையெழுத்திட ஏழு மணி ஆயிற்று. சாவி தெரியும் சின்னத் திரை ஒன்றைக் காப்பாளரே கொண்டு இறங்கினார். சர்வர் அறையில் கமாவின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்துக்கொண்டு, தான் பார்த்துவிடக் கூடாதென்று தன் கண்களை மூடிக்கொண்டார்.

"மனசுல பதிச்சுக்காதீங்கம்மா," என்றார்.

கமா பயனர் பெயரைத் தட்டினாள். நாற்பது எழுத்துகளையும் தட்டினாள். மூன்று முறை சரிபார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக நான்காவது முறை பார்க்காமல் அழைப்பானை ஓட்டினாள்.

ஏற்கப்பட்டது.

கீழே, கவுன்டருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவின் கைப்பேசி சிணுங்கியது. மேலே, இரண்டு மாடிகளைத் தாண்டிக் கேட்கும்படி, ஒரு மணி அடித்தது.

காப்பாளர் கண்ணைத் திறந்தார். கல்யாணத்துக்குக் காத்திருந்து காத்திருந்து தலை நரைத்தவனுக்குப் பெண் கிடைத்தது போல அவர் முகம் மலர்ந்தது.

"அடிக்குது," என்றார். "அம்மா, அடிக்குதும்மா!"

"சார், அது நாமதான் சார். நீங்கதானே கொடுத்தீங்க? நான்தானே போட்டேன்?"

"திருடனும் அப்படித்தானேம்மா சொல்வான்?"

"உங்க கண்ணு முன்னாடி சார்!"

"நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். ரத்து என்ற பொத்தான் எட்டு வருடமாகத் தயாராக இருந்தது. கமா அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவர் அவளைவிடப் பலசாலி; விதியும் அவர் பக்கம் இருந்தது. ஐம்பத்தொன்றாவது நொடியில் அழுத்திவிட்டார்.

அந்த ஐம்பத்தொரு நொடிகள் பெஞ்சில் இப்படிக் கழிந்தன. அக்கா செய்தியைப் பார்த்தாள். எழுத்து மங்கலாக இருந்தது. பையில் கையை விட்டு மூக்குக் கண்ணாடியைத் துழாவினாள். துண்டுக்கும் சோப்புப் பெட்டிக்கும் நடுவில் கண்ணாடி இருந்தது. மாட்டிக்கொண்டு, ஒரு தடவை சத்தமாகப் படித்தாள். சிஸ்டரிடம் காட்டினாள். சிஸ்டர் "அழுத்துங்க அக்கா" என்றாள். அழுத்தினாள். அது ஐம்பத்திரண்டாவது நொடி.

சிஸ்டரின் திரையில் எழுத்துகள் மாறின. செய்தி பெறப்பட்டது. பதில் இல்லை.

எட்டு மணிக்கு ஓட்டுநர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த பெஞ்சைத் தாண்டிப் போனார். வழியில் நீண்டிருந்த அக்காவின் பையைக் காலால் நகர்த்த வேண்டியிருந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டே நகர்த்தினார்.

மறுவாரம் விசாரணை. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் கமா. காப்பாளர் ஆறு அட்டைகளோடு நடுவில் இருந்தார். எட்டு வருடத்தில் வந்த முதல் கசிவை ஐம்பத்தொரு நொடியில் அடைத்ததற்காக அவருக்குப் பாராட்டு முதலில் நிறைவேறியது. அடித்து ஓய்ந்த மணிக்கு இனி ஓய்வு கொடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்பது இரண்டாவது தீர்மானம். அப்புறம் பட்டியலுக்கு வந்தார்கள்.

"அழைப்புக்குப் பதில் தராதவங்க கடைசி இடத்துக்குப் போகணும். அது பழைய விதி," என்றார் ஓரத்தில் இருந்தவர். "பட்டியல்ல அறுபத்திரண்டு பேர். அறுபத்தொரு பேருக்குச் செய்தியே போகலை. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. செய்தி கையில கிடைச்சும் பதில் பதிவாகாத ஆள் ஒரே ஒருத்தர்தான்."

"அவங்க ஆம்னு அழுத்தினாங்க சார்," என்றாள் கமா. "கைப்பேசியில இருக்கு. பாருங்க."

"அது ரத்தான சாவிக்கு வந்த பதில். செல்லாது."

"அதே சாவியில போன செய்தி மட்டும் எப்படி சார் செல்லும்? செய்தி செல்லாதுன்னா, பதில் தரலைங்கறதும் இல்லைதானே?"

ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். நியாயமான கேள்வி என்பதால் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் காப்பாளர் கனிவோடு சொன்னார்:

"செய்தி போகும்போது சாவி உயிரோட இருந்துச்சும்மா. அதனால செய்தி செல்லும். பதில் வரும்போது சாவி செத்துடுச்சு. அதனால பதில் செல்லாது. எங்களுக்கும் வருத்தம்தான். எந்த அளவுன்னு கேட்டீங்கன்னா, மிகவும்."

தீர்மானக் கடிதத்தை அக்கா இயந்திரத்தோடு கட்டுண்ட நாற்காலியில் சாய்ந்தபடி படித்தாள். ஒரு கையில் குழாய் செருகியிருந்தது. கடிதத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அறுபத்திரண்டாவதா? நம்ம பஸ்ஸுக்கே அம்பத்திரண்டு சீட்டுதான்டி. பத்துப் பேரு நின்னுக்கிட்டு வரணும்."

கமா சிரிக்கவில்லை.

"வருஷத்துக்கு எத்தனை கிட்னி வரும்?" என்றாள் அக்கா.

"நாலு. சில வருஷம் அஞ்சு."

அக்கா மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். டிக்கெட் கிழித்துப் பழகியவளுக்கு அதற்குக் காகிதம் வேண்டாம். விடையைச் சொல்லவில்லை. "இப்ப அந்தச் சாவி?"

"வேற சாவி கொடுத்தாங்க. நேத்துப் போட்டேன். ரெண்டே வரி."

"வேலை செய்யுதா?"

கமா குழாயில் ஓடும் சிவப்பைப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? செய்யுதா?"

"செய்யுதுக்கா. இன்னைக்குக் காலையில ஒண்ணு வந்துச்சு. ரெண்டாவது இடத்துல இருந்தவங்களுக்குப் போச்சு."

"ஆம்னு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"எவ்வளவு நேரத்துல?"

"அக்கா, விடுக்கா."

"சொல்லுடி."

"பதினெட்டு நொடி."

இயந்திரம் ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றைத் தொடங்கியது. காப்பாளரைத் திட்டுவாள், மணியைத் திட்டுவாள், தன்னையாவது திட்டுவாள் என்று கமா காத்திருந்தாள். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்கு ஏமாற்றுகிறவனை அக்கா திட்டுகிற திட்டு மூன்று நிறுத்தம் வரை கேட்கும்.

"என் மேலதான்டி தப்பு," என்றாள் அக்கா. "கண்ணாடியைத் தேடாம அழுத்தியிருக்கணும்."